வளையாமல் நிற்கும் வலிமை: இளம் கிரிக்கெட் வீரர்களுக்குக் கோர் பயிற்சி

பள்ளி அணியிலோ அகாதமியிலோ கிரிக்கெட் ஆடும் ஒரு சிறுவனிடம் கோர் பயிற்சி செய்கிறாயா என்று கேட்டால், தினமும் இத்தனை சிட்-அப் எடுக்கிறேன் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். வயிற்றின் முன்புறத்தில் கட்டுக்கட்டாகத் தெரியும் தசைதான் கோர் என்றும், அதை மடக்கி மடக்கி வலுப்படுத்தினால் பந்து வேகமாகப் போகும் என்றும் ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் கிரிக்கெட்டில், அதிலும் வேகப்பந்து வீச்சில், இந்தத் தசைகளின் முதன்மையான வேலை உடலை வளைப்பதன்று. வளையக் கூடாத கணத்தில் அதை வளையவிடாமல் பிடித்து நிறுத்துவது. இது விளங்கிவிட்டால், எந்தப் பயிற்சி பயன் தரும், எது நேரத்தை வீணாக்கும் என்பதைப் பெற்றோரே ஓரளவு தீர்மானித்துவிடலாம்.

விலா எலும்புக் கூட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பைச் சுற்றி நாற்புறமும் அமைந்த தசைகளின் தொகுதியே கோர் எனப்படுகிறது. மேலே மூச்சை இயக்கும் உதரவிதானமும், கீழே இடுப்புத் தளத் தசைகளும், முன்னும் பக்கவாட்டிலும் வயிற்றுத் தசைகளும், பின்னால் முதுகுத் தசைகளும் இதில் அடங்கும். வயிற்றுத் தசைகளில் கண்ணாடியில் தெரிவது நேர் வயிற்றுத் தசை மட்டுமே. அதன் இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாய்வுத் தசைகள் இருக்கின்றன. எல்லாவற்றிற்கும் உள்ளே குறுக்கு வயிற்றுத் தசை இடுப்பை இறுக்கிச் சுற்றி நிற்கிறது. பின்புறத்தில், முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குட்டையான தசைக்கற்றைகளுக்கு மல்டிஃபிடஸ் என்று பெயர். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையே, முதுகெலும்பின் இரு பக்கங்களிலும் குவாட்ரேட்டஸ் லம்போரம் என்னும் தசை இருக்கிறது. உடல் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்துவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. பிட்டத் தசைகளையும் பயிற்சியாளர்கள் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இடுப்பு நிலையாக இல்லாமல் அதன்மேல் முதுகெலும்பு நிலையாக நிற்க முடியாது என்பதால் அது சரியே.

இந்தத் தசைகள் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பது வலிமையைப் போலவே முக்கியம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. ஒருவர் கையைச் சட்டென்று உயர்த்தும்போது, தோள் தசை இயங்குவதற்குச் சற்று முன்னரே அவருடைய குறுக்கு வயிற்றுத் தசை இறுகிவிடுவதை அவர்கள் பதிவு செய்தார்கள். கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் இந்த இறுக்கம் தாமதமாக வந்தது. கையும் காலும் வேகமாக இயங்கும் முன்பே நடுவுடல் ஆயத்தமாகிவிட வேண்டும் என்பதே இதன் பொருள்.

தொய்ந்த கயிற்றுக் கட்டிலின் மேல் நின்றுகொண்டு ஒரு பந்தை எறிந்து பார்த்தால், கிரிக்கெட்டில் இதன் பயன் தெரியும். தோளில் எவ்வளவு பலம் இருந்தாலும் கால் தரையை உதைத்துப் பெற வேண்டிய விசை கட்டிலின் தொய்விலேயே கரைந்துபோகும். பேட்டிங்கானாலும் பந்து வீச்சானாலும் எல்லைக்கோட்டிலிருந்து எறிவதானாலும், விசை தரையில் பிறந்து கால், இடுப்பு, நடுவுடல், தோள் வழியாகக் கையை அடைகிறது. நடுவில் தளர்வு இருந்தால் அந்தக் குறையைத் தோளும் முழங்கையும் ஈடுகட்ட முயலும். பல வளரிளம் வீரர்களின் தோள் வலிக்குப் பின்னால் இப்படியொரு காரணம் இருப்பதுண்டு.

முன்னங்கால் ஊன்றும் கணம்

வேகப்பந்து வீச்சைத் தனியே எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. கிரிக்கெட்டில் உள்ள எந்த அசைவும் முதுகெலும்பின் மீது இவ்வளவு சுமையை இவ்வளவு குறுகிய நேரத்தில் ஏற்றுவதில்லை.

வலக்கை வீச்சாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஓடிவந்து துள்ளி, வலக்காலை ஊன்றி, பின் இடக்காலை கிரீஸில் ஊன்றுகிறார். அந்த இடக்கால் தரையைத் தொட்டவுடன் கண்ணிமைப்பதற்குள் தரை திருப்பித் தரும் செங்குத்து விசை அவருடைய உடல் எடையைப்போல் 5 மடங்கையோ அதற்கு மேலோ எட்டிவிடுகிறது. 50 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது 250 கிலோ எடைக்கு ஈடான சுமை. அது முழங்கால் வழியாக இடுப்பெலும்புக்கும் அங்கிருந்து கீழ்முதுகுக்கும் ஏறும் அதே கணத்தில், அவருடைய உடல் பின்னோக்கி வளைந்தும் இடப்புறம் சாய்ந்தும் இடுப்புக்கு மேலே திருகிக்கொண்டும் இருக்கிறது. வளைவு, சாய்வு, திருகல் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும்போது 4ஆம், 5ஆம் இடுப்பு முள்ளெலும்புகளின் பின்வளையத்தில் இடப்பக்கம் உள்ள ஒரு மெல்லிய எலும்புப் பகுதி கடுமையாக அழுத்தப்படுகிறது. ஓர் ஓவருக்கு 6 முறை, 10 ஓவருக்கு 60 முறை இது நடக்கிறது. நோ-பாலும் வைடும் வேறு. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் இல்லாமல் இது தொடர்ந்தால் அங்கே நுண்ணிய விரிசல் விழும். வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகு அழுத்த முறிவு பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் ஏற்படுவதற்கு இதுவே காரணம். இடக்கை வீச்சாளருக்கு இது அப்படியே பக்கம் மாறும்.

இங்கே ஒரு சங்கடமும் உண்டு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் வேகப்பந்து வீச்சாளர்களை அளந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, வேகத்தை நிர்ணயிப்பவை என நான்கைச் சுட்டியது: ஓடிவரும் வேகம், பந்து கையை விட்டு அகலும்போது முன்னங்கால் முட்டி மடங்காமல் நேராக நிற்பது, மேலுடல் முன்னோக்கி வளையும் அளவு, வீசும் கை சற்றுத் தாமதித்துச் சுழல்வது. நேரான முட்டி வேகம் தருகிறது. ஆனால் மடங்காத முட்டி அதிர்ச்சியைக் குறைவாகவே தாங்கிக்கொள்வதால் மிச்சச் சுமை மேலே ஏறுகிறது. வேகத்தைத் தேடும் வீச்சாளர் முதுகின் மீது சுமையையும் சேர்த்தே தேடுகிறார் எனலாம். அந்தச் சுமையில் தங்கள் பங்கைத் தசைகள் ஏற்கும் வரை எலும்புக்கு ஓய்வு. தசைகள் சோர்ந்தாலோ முதலிலேயே வலுவற்றிருந்தாலோ உடல் கூடுதலாகச் சாய்ந்து, சுமை நேராக எலும்பில் இறங்குகிறது.

வீசும் முறையிலும் பிழை இருக்கலாம். இடுப்பு ஒரு திசையையும் தோள்கள் வேறொரு திசையையும் நோக்கி நிற்க, பந்து வீசும் முன் தோள்கள் பின்னோக்கித் திருகிக்கொள்ளும் கலப்பு முறை முதுகுக்கு ஆபத்தானது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைக் கோர் பயிற்சி சரிசெய்யாது. பயிற்சியாளர்தான் சரிசெய்ய வேண்டும்.

1973இல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தின்போது ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு முதுகில் அழுத்த முறிவு ஏற்பட்டது. அத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். நீண்ட மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பின் திரும்பி வந்த அதே லில்லி, 1987இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்னும் வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்கு வழிகாட்டியாக அமைந்து, இந்திய இளைஞர்களுக்கு உடற்தகுதியின் அருமையைக் கற்றுக்கொடுத்தார். 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் ரசிகர்களின் மனம் கவர்ந்த நம் லட்சுமிபதி பாலாஜியும் முதுகுக் காயத்தால் நெடுநாள் ஒதுங்கியிருந்து, வீசும் முறையை மாற்றிக்கொண்டு திரும்பியவர்தான். 2008இல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கைச் சேப்பாக்கத்தில் எடுத்தவரும் அவரே.

எப்படிப் பயிற்சி செய்வது

நடுவுடலை நிலையாகப் பிடித்து நிறுத்தக் கற்றுத்தரும் பயிற்சிகளே அடிப்படை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், மூன்று பயிற்சிகளைத் தொடக்கமாகப் பரிந்துரைக்கிறார்: இடுப்பை அசைக்காமல் தலையையும் தோள்களையும் மட்டும் சிறிது உயர்த்தும் கர்ல்-அப், பக்கவாட்டில் உடலைத் தாங்கி நிற்கும் சைடு பிளாங்க், நான்கு கால் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பேர்ட் டாக். மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: முதுகெலும்பு அசையாமல் இருக்க, அதைச் சுற்றிய தசைகள் உழைக்கின்றன.

பேர்ட் டாக் பார்ப்பதற்கு மிக எளிதாக இருப்பதால் சிறுவர்கள் அதை அலட்சியம் செய்வார்கள். ஒரு ஸ்டம்பை எடுத்து, மண்டியிட்டுக் கையூன்றி நிற்கும் சிறுவனின் இடுப்புக்குக் குறுக்காக, கீழ்முதுகின் மேல் வையுங்கள். வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் மெதுவாக நீட்டச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்குக் கால் முழுதாக நீள்வதற்குள்ளேயே இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து ஸ்டம்ப் உருண்டு விழும். சிலர் காலை மிக உயரமாகத் தூக்குவார்கள். அப்போது முதுகின் நடுவில் பள்ளம் விழுவதைக் கண்ணால் காணலாம். குதிகால் இடுப்பின் உயரத்திற்கு மேல் போகாமல், ஸ்டம்ப் விழாமல், மூச்சை அடக்காமல் 10 விநாடி நிற்க முடிந்தால்தான் அது ஒரு முறை என்று கணக்கு. பிறகு பக்கம் மாற்ற வேண்டும். ஒரே மூச்சில் நெடுநேரம் நிற்பதைவிட 10 விநாடிப் பிடிப்புகளாகப் பலமுறை செய்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு வருவது மெக்கில் சொல்லும் முறை: முதலில் 6, அடுத்து 4, பின்னர் 2 என்பதுபோல. களைப்பு ஏறும்போது நிலை கெடாமல் காப்பதே இதன் நோக்கம்.

வீச்சாளர்களுக்கு இவற்றுள் முதலிடம் தர வேண்டியது சைடு பிளாங்க் என்பேன். முன்கையை ஊன்றி, தோள் முதல் கணுக்கால் வரை ஒரே நேர்கோட்டில் உடலை நிறுத்த வேண்டும். தொடக்கநிலையில் முட்டியை ஊன்றிச் செய்யலாம். இது சாய்வுத் தசைகளையும் குவாட்ரேட்டஸ் லம்போரத்தையும் உழைக்க வைப்பதுடன், முதுகெலும்பை அதிகம் அழுத்துவதுமில்லை. இதையே ஒரு சோதனையாகவும் கொள்ளலாம். வலப்பக்கம் எத்தனை விநாடி, இடப்பக்கம் எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெகுவாகக் குறைந்திருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ஒரே கையால் ஆயிரக்கணக்கான பந்துகளை வீசுபவரின் உடல் இருபுறமும் ஒன்றுபோல் வளர்வதில்லை. வீச்சாளர்கள் அடிக்கடி பெறும் மற்றொரு காயமான விலாப்பக்கத் தசைக் கிழிசலும் பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கச் சாய்வுத் தசையிலேயே ஏற்படுகிறது.

முகம் தரையை நோக்க, முன்கைகளிலும் கால்விரல்களிலும் உடலைத் தாங்கி நிற்கும் வழக்கமான பிளாங்க் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். இன்று அது யார் அதிக நேரம் நிற்பது என்ற போட்டியாகிவிட்டது. இடுப்பு தொங்கிய நிலையில் நிற்கும் 3 நிமிடத்தால், பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி நேராக நிற்கும் 20 விநாடி அளவுக்குப் பயனில்லை. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக எடுக்கும் தண்டாலும் முறையாக எடுத்தால் அசையும் பிளாங்க்தான்; இடுப்பைத் தொங்கவிட்டு எடுத்தால் தோளுக்கும் பயனில்லை, நடுவுடலுக்கும் பயனில்லை. சிட்-அப்பை நான் வீச்சாளர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுடைய முதுகு ஏற்கெனவே வாரத்திற்கு நூற்றுக்கணக்கான முறை வேகமாக முன்வளைகிறது. பயிற்சி என்ற பெயரில் அதே வளைவை மேலும் நூறு முறை கூட்டுவதில் என்ன லாபம்?

இந்த அடிப்படை கைவந்த பிறகே திருகலை எதிர்க்கும் பயிற்சிகள் வர வேண்டும். கம்பத்தில் கட்டிய ரப்பர் பட்டையைப் பக்கவாட்டில் நின்று மார்போடு பிடித்து, உடல் பட்டையின் பக்கம் திரும்பாமல் கைகளை முன்னே நீட்டுவது அவற்றில் எளியது. அதற்கும் அப்பால், மெடிசின் பால் எனப்படும் 2 கிலோ அளவிலான கனத்த பயிற்சிப் பந்தை இடுப்பிலிருந்து சுழற்றிச் சுவரில் எறியும் பயிற்சி பேட்டர்களுக்கும் ஃபீல்டர்களுக்கும் மிகப் பொருந்தும். புல் ஷாட்டிலும் எறிதலிலும் இடுப்பு முதலில் திரும்பி, தோள் அதைத் தொடரும் அதே வரிசை இதில் இருக்கிறது. முதுகைத் திருகாமல் இடுப்பு மூட்டிலிருந்து திரும்பக் கற்றுக்கொள்வதுதான் இங்கே பாடம். விக்கெட் கீப்பருக்கு வேறு வகைச் சுமை. 90 ஓவர் கொண்ட ஒரு நாளில் அவர் 540 முறை குந்தி எழுகிறார், ஆகவே அவருக்கு வேகத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் திறனும் பிட்டத் தசையின் வலிமையும் முக்கியம்.

வலி ஏற்கெனவே உள்ள இளம் வீரர்களுக்கும் இத்தகைய பயிற்சி உதவும் என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 13 வாரப் பயிற்சி முகாமில் இருந்த இளம் கிரிக்கெட் வீரர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்முதுகு வலி இருந்தவர்களுக்கு ஆழ்தசைகளை இயக்கக் கற்றுத்தந்தபோது, மல்டிஃபிடஸ் தசையின் பருமன் கூடியதோடு வலியும் குறைந்தது. பங்கேற்றவர்கள் எண்ணிக்கை சிறியது என்பதையும் மறக்கக் கூடாது.

வயதும் ஓவர் கணக்கும்

10, 11 வயதுக் குழந்தைகளுக்குத் தனியாகக் கோர் வகுப்பு தேவையில்லை. கரடிபோல் நான்கு காலில் நடப்பது, மரமோ கயிறோ ஏறுவது, ஒற்றைக் காலில் நின்று பந்து பிடிப்பது போன்ற விளையாட்டுகளே போதும். கவனம் கூட வேண்டிய காலம், உயரம் கிடுகிடுவென்று கூடும் பருவம். பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் அது வரும். அப்போது எலும்பு முதலில் நீள்கிறது. தசையின் வலிமையும் உடலைக் கட்டுப்படுத்தும் திறனும் பின்தங்கி வருகின்றன. போன ஆண்டு அழகாக வீசிய பையன் இந்த ஆண்டு தடுமாறுவதைக் கண்டு கூடுதலாக வீசச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. அந்த வேளையில் தேவைப்படுவது நேர்மாறானது. அந்த மாதங்களில் ஓவர்களைக் குறைத்து, எளிய பிடிப்புப் பயிற்சிகளைக் கூட்டலாம். கீழ்முதுகு எலும்பு முழு உறுதி பெற இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகலாம் என்பதால், 18 வயதில் உயரத்தில் ஆளாகிவிட்டவரின் முதுகும் முதிர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் அறிமுகமாகி, இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்து ஆட்டநாயகனான ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ், அடுத்தடுத்த காயங்களால், அவற்றில் முதுகு அழுத்த முறிவும் சேர, தமது இரண்டாவது டெஸ்டை 2017 மார்ச்சில் ராஞ்சியில்தான் ஆடினார். உலகின் மிகச் சிறந்த மருத்துவக் கவனிப்பு கிடைத்த வீரரின் கதை இது.

எனவே கோர் வலுவாக இருக்கிறது என்பது அதிக ஓவர் வீசுவதற்கான அனுமதிச் சீட்டன்று. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் பின்பற்றச் சொன்ன அளவு, 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில், அதாவது ஓய்வின்றித் தொடர்ந்து வீசும் ஒரு தவணையில், 5 ஓவரும் ஒரு நாளில் 10 ஓவரும் மட்டுமே வீசலாம் என்பது. 15 வயதுக்குட்பட்டோருக்கு அது 6 ஓவரும் 12 ஓவரும். நம்மிடம் சிக்கல் ஆட்டத்தைவிட நெட் பயிற்சியில்தான் அதிகம். காலையில் பள்ளி அணி, மாலையில் அகாதமி, ஞாயிறன்று தெரு அணியின் டென்னிஸ் பந்துப் போட்டி என்று மூன்று இடங்களில் வீசும் பையனின் மொத்தப் பந்துகளை யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தம் கண்முன் வீசிய ஓவர்கள் மட்டுமே தெரியும். ஒரு சிறு நோட்டில் அன்றன்று வீசிய பந்துகளை எழுதி வைப்பது பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம்.

கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும், குறிப்பாக வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் வலித்தால், பின்னோக்கி வளையும்போது அது கூடினால், ஓய்வெடுத்தால் தணிந்து பந்து வீசத் தொடங்கியதும் திரும்பினால், வீசுவதை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைலம் தடவிக்கொண்டு ஆடும் வலியன்று இது. தொடக்கநிலை எலும்பு அழுத்தம் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம்; எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரியும். விரிசல் விழும் முன்னரே கண்டறிந்தால் ஓய்வுக் காலம் குறையும். விரிசல் விழுந்துவிட்டால் மீண்டும் முழு வேகத்தில் வீசப் பல மாதங்கள் ஆகும். இந்த நிலையில் கோர் பயிற்சியைத் தாமாகத் தொடராமல் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வரிசையில்தான் செய்ய வேண்டும்.

நலமாக உள்ள பையனுக்கு, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் போதுமானது. நெட்டில் வீசுவதற்கு முன் இதைக் களைக்கக் களைக்கச் செய்யக் கூடாது. தசை சோர்ந்த நடுவுடலுடன் வீசச் செல்வதே நாம் தவிர்க்க நினைக்கும் நிலைமை. வீசும் நாளில் முன்னதாக ஓரிரு பேர்ட் டாக் பிடிப்புகள் எடுத்து உடலை ஆயத்தப்படுத்திக்கொண்டு, முழுப் பயிற்சியை ஆட்டம் முடிந்த பின்னரோ வீசாத நாளிலோ வைத்துக்கொள்ளலாம். காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் முதுகெலும்பின் வட்டுகளில் நீர் ஊறி விறைப்பாக இருக்கும் என்பதால், முதல் ஒரு மணி நேரத்தில் முதுகை மிகுதியாக வளைக்கும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. விடியற்காலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் சற்று நடந்து, மெதுவாக ஓடி, அதன்பின் தொடங்கட்டும்.